பாக்கி எங்க நிக்குது?

கிடாரியைக் குடுத்துடலாம்னு ஏறக்குறைய முடிவே பண்ணிட்டோம். வியாபாரி வந்து பல்லைப் பிடிச்சுப் பார்த்தார், சுத்தி வந்து பார்த்தார், 42,000-க்கு மேல ஒரு ரூபாய் ஏற மாட்டேன்னுட்டார். நானும் சரின்னு தலையாட்டத் தயாரா இருந்தேன். மாட்டு மேல ஒரு குறையும் இல்லைங்க. குறை எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் மேல. அது ஓடலை, புதுசு வாங்க 45,000 ஆகும்னு டவுன்ல சொல்லிட்டாங்க, மார்கழி மாசம், மஞ்சள் இன்னும் வெட்டலை, கையில காசு இல்லை. வீட்ல மட்டும் ஒரே வார்த்தை கேட்டாங்க: "ஏனுங்க, நம்மூட்டு மாட்டுக்குப் பொறந்ததைக் குடுத்துத்தான் அந்தப் பொட்டிய வாங்கோணுமாங்க?"

அந்தக் கேள்விக்கு என்கிட்டப் பதில் இல்லை. வியாபாரிகிட்ட ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்துல நடந்ததைத்தான் எழுதறேன். கம்ப்யூட்டர்லயே பொழப்பு நடத்தறவங்க நிறையப் பேர் இங்க படிக்கறீங்கன்னு தெரியும். உங்களுக்கு இது ஒண்ணாங்கிளாஸ் பாடமா இருக்கலாம். ஆனா உங்கள்லயே பாதிப் பேர், லேப்டாப் மெதுவாயிருச்சுன்னா ஏன்னு கேக்காம புதுசு வாங்கறவங்கதான்ங்கறதும் எனக்குத் தெரியும். ஒறம்பரை விசேசத்துக்கு வரும்போது நீங்களே சொல்லியிருக்கீங்க.

எங்களோடது 2018-ல வாங்கின டெஸ்க்டாப். விண்டோஸ் 10, ரேம் 8 ஜிபி. பால் கணக்கு, மஞ்சள் செலவு, ஆள் கூலி எல்லாம் அதுலதான். மாசம் ரெண்டு தடவை கயிறு விட்டு அளந்த கிணத்து மட்டம், 2009-ல இருந்து அதுல இருக்குது. முதல் சில வருசத்துது எங்கய்யன் நோட்டுல எழுதி வெச்சது, நான் உக்காந்து ஒவ்வொண்ணாத் தட்டி ஏத்தினேன். அக்கம்பக்கத்துல யாருக்காவது பட்டா, சிட்டா எடுக்கணும்னாலும் எங்க சாளைக்குத்தான் வருவாங்க. இந்தப் பதிவு எழுதறதும் அதுலதான்.

போன வருசம் கடைசியில இருந்து அது நகர மாட்டேன்னு அடம் பிடிக்க ஆரம்பிச்சது. பால் கணக்குப் பைலை க்ளிக் பண்ணிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தா அப்பதான் திறந்திருக்கும். உள்ள ஹார்ட் டிஸ்க் லைட்டு அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கும். எந்த வேலையும் கொடுக்காம சும்மா விட்டாக்கூட, மெமரி 90 சதவீதம்னு காட்டும்.

டவுன்ல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போனேன். பேர் வேண்டாம், பையன் நல்ல பையன்தான். ஆன் பண்ணி, 90-ஐப் பார்த்துட்டு, "ரேம் பத்தலைங்ணா" அப்படின்னான். இன்னொரு 8 ஜிபி மாட்டி 16 ஆக்கினான். ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக் காட்டினான், பறந்துச்சு. காசைக் குடுத்துட்டு சந்தோசமா வந்தேன். மூணு வாரம்தான். மறுபடியும் 85, 87. மறுபடியும் தூக்கிட்டுப் போனேன். "வைரஸா இருக்கும்ங்ணா, பார்மேட் அடிச்சிரலாம்." கிணத்துக் கணக்கு என்ன ஆகும்னேன். "பேக்கப் எடுத்துக்கலாம்ங்ணா, சிலது போனாலும் போகும்." வேண்டாம்னுட்டேன். அப்பத்தான் மூணாவது வைத்தியம் வந்தது: "மிஷின் பழசாயிருச்சுங்ணா. புதுசு எடுத்துக்கோங்க."

ரேம் போடு, பார்மேட் பண்ணு, புதுசு வாங்கு. மூணு வைத்தியம் சொன்னவன் ஒரு தடவை கூட, அந்த 90 சதவீதத்துல என்ன இருக்குதுன்னு திறந்து பார்க்கலை. அவன் மேல எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படிப்பட்டவன்தான். அஞ்சாறு வருசம் முன்னால மஞ்சள்ல இலை பழுத்தப்ப, ஒரு இலையைக் கிள்ளி எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குத்தான் ஓடினேன். அவர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காம மூணு டப்பா எடுத்து வெச்சார். மூணையும் அடிச்சேன். கடைசியில ஒரு தூரைத் தோண்டிப் பார்த்தா கிழங்கு அழுகிக் கிடக்குது. கீழ்ப்பக்கம் தண்ணி வடியாம நின்னிருக்குது. மம்பட்டி எடுத்து வடிகால் வெட்ட அரை நாள் வேலை. இலைக்கு மருந்து அடிச்சு வேருல இருக்கற நோய் போகுமாங்க?

தவணை வாங்கின அன்னிக்குப் பொழுதோட, கோயமுத்தூர்ல படிக்கிற பொண்ணுக்குப் போன் பண்ணினேன். ரேம் 87 சதவீதம் கண்ணுன்னு ஆரம்பிச்சேன். அவ நடுவுலயே நிறுத்தினா. "அப்பா, எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு சொல்லாதீங்க. எதால நிறைஞ்சிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கச் சொன்னா. டாஸ்க் மேனேஜர் வந்துச்சு. ப்ராசஸஸ்ங்கற பக்கத்துல மெமரிங்கற தலைப்பை ஒரு தட்டுத் தட்டினா, அதிகமாத் தின்றது மேல வந்து நிக்கும். பிரவுசர் 900 எம்பி, ஆன்டி வைரஸ் 200 சொச்சம், எக்செல் 110, அப்புறம் குட்டி குட்டியா ஒரு நாப்பது அயிட்டம். "பேப்பர்ல எழுதிக் கூட்டுங்கப்பா"ன்னா. கூட்டினேன். 2.6 ஜிபி. மொத்தம் பயன்பாட்டுல இருக்கறதுன்னு அது காட்டினது 13.9 ஜிபி.

ரெண்டாவது தடவையும் கூட்டினேன். அதே 2.6. 

இந்த இடத்துல எனக்கு எங்கய்யன் ஞாபகம் வந்துச்சு. ஒரு கோடையில, மூணு மணி நேரத்துல பாயற காட்டுக்கு அஞ்சு மணி நேரம் ஆக ஆரம்பிச்சது. மோட்டாரைப் பெருசு பண்ணுன்னு ஒருத்தர், கிணத்தை வெட்டுன்னு ஒருத்தர். எங்கய்யன் ரெண்டையும் கேக்கலை. மோட்டாரை எடுத்து விட்டுட்டு, தொட்டியில இருந்து கடைசி வாய்மடை வரைக்கும் வாய்க்காலோடயே நடந்தார். தொட்டியில இவ்வளவு விழுகுது, கடைசி மடையில இவ்வளவுதான் வருது, நடுவுல காணாமப் போறது எங்கன்னு பார்த்தார். வேலியோரம் ஒரு எலி வங்கு. உள்ள போன தண்ணி அடுத்த பள்ளத்துல போய் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. மோட்டார் மேலயும் தப்பில்லை, கிணத்து மேலயும் தப்பில்லை.

பொண்ணு அடுத்த பக்கத்துக்குப் போகச் சொன்னா. பெர்ஃபாமன்ஸ், அதுல மெமரி. அங்கதான் விசயமே இருக்குது. கீழ ஏழெட்டு எண் போட்டிருக்கும், யாரும் அதைப் பார்க்கறதில்லை. அதுல 'நான்-பேஜ்டு பூல்'னு ஒண்ணு. எங்க மிஷின்ல அது 9.8 ஜிபி காட்டுச்சு. "எவ்வளவு? எம்பியா இருக்கும், நல்லாப் பாருங்கப்பா"ன்னா. ஜிபிதான் கண்ணுன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எங்களோடது மாதிரி வீட்டு மிஷின்ல சில நூறு எம்பிக்குள்ள இருக்க வேண்டிய எண்ணாம் அது.

அது என்னன்னு எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். நாம திறக்கற புரோகிராம் எல்லாம் மெமரியில இடம் பிடிக்கும். இடம் பத்தலைன்னா, சும்மா கிடக்கறதை விண்டோஸ் தூக்கி ஹார்ட் டிஸ்க்ல ஒரு ஓரமா வெச்சுக்கும், கேட்டா எடுத்துக் குடுக்கும். ஆனா விண்டோஸோட அடிமட்ட வேலைக்கும், நெட் கார்டு, சவுண்டு, பிரிண்டர் மாதிரி சாமான்களை ஓட்டற டிரைவர்களுக்கும் ஒரு தனி இடம் உண்டு. அதுல ஒரு பகுதியை எந்தக் காரணத்துக்கும் டிஸ்க்குக்கு நகர்த்தக் கூடாது. அதுதான் நான்-பேஜ்டு பூல். எந்த டிரைவராவது அங்க இடம் வாங்கிட்டுத் திருப்பித் தராம விட்டா, அந்த இடம் போனது போனதுதான். ப்ராசஸஸ் பட்டியல்ல அதுக்குப் பேரே வராது. இது அசையாதுங்கறதால, மத்ததெல்லாம் டிஸ்க்குக்குத் துரத்தப்படும். பால் கணக்கு திறக்க மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் ஆனதும், லைட்டு அணையாம எரிஞ்சதும் இதனாலதான்.

13.9-ல 2.6-ஐக் கழிச்சா 11.3. அதுல 9.8 இந்தப் பூல்ல. மிச்சம் ஒன்றரை ஜிபி. புரோகிராம்கள் பொதுவாப் பங்கு போட்டுக்கற இடம், விண்டோஸே வெச்சுக்கற இடம்னு அந்த அளவு வித்தியாசம் எல்லா மிஷின்லயும் வருமாம். அதை விட்டுடலாம். ஆக, கணக்கு நேராச்சு.

இங்க ஒரு விசயம் சொல்லியே ஆகணும். மெமரி நிறைஞ்சு இருக்கறதே நோய்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. இல்லைங்க. அதே பக்கத்துல 'கேச்டு'னு ஒரு எண் இருக்கும். சமீபத்துல நாம திறந்த பைல்களை, திரும்பக் கேட்டா சட்டுனு குடுக்கலாம்னு விண்டோஸ் காலி இடத்துல வெச்சிருக்கும். அறுப்பு இல்லாத நாள்ல களத்துல வைக்கப்போர் போட்டு வெக்கற மாதிரி. களம் நிறைஞ்சுதான் தெரியும். மக்காச்சோளம் காயப் போடணும்னா அரை மணி நேரத்துல தள்ளிக்கலாம். காலியாக் கிடக்கற களத்தால யாருக்கு என்ன லாபம்? இது தெரியாம, 'ரேமைச் சுத்தம் பண்றோம்'னு சொல்ற இலவசப் புரோகிராம்களை ஏத்திக்கறாங்க. நானும் ஒண்ணு ஏத்தி வெச்சிருந்தேன். பட்டனை அமுக்கினா 87-ல இருந்து 79-க்கு இறங்கும், மனசு குளிரும். அது பண்றது என்னன்னா, ஓடிக்கிட்டு இருக்கற புரோகிராம்கள் கையில இருக்கற இடத்தைப் பிடுங்கி ஒதுக்கறதுதான். அடுத்த நிமிசம் அதே புரோகிராம் திரும்பக் கேக்கும், டிஸ்க்ல இருந்து திரும்ப எடுத்துட்டு வரணும். எண் குறையும், வேலை கூடும். இந்த 9.8 ஜிபியை அதால தொடக்கூட முடியாது. மொத வேலையா அதைத் தூக்கினேன்.

அடுத்து பொண்ணு கேட்டது எனக்குக் கொஞ்சம் கோபத்தையே கிளப்பிருச்சு. "கம்ப்யூட்டரை எப்ப கடைசியா ஆஃப் பண்ணினீங்க?" தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் கண்ணு படுக்கறேன், அது கூடத் தெரியாதா எனக்குன்னேன். "அதே பக்கத்துல சிபியுனு இருக்கும், அதைத் தட்டி, அப் டைம்னு இருக்கறதைப் படிங்க." படிச்சேன். 26 நாள். 26 நாளா இந்த மிஷின் நிக்காம ஓடுதுன்னு போட்டிருக்குது.

விண்டோஸ் 8-ல இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு கொண்டு வந்திருக்காங்க. பெரும்பாலான மிஷின்ல அது தானாவே போட்டிருக்கும். நாம ஷட் டவுன் அமுக்கினா, நம்ம புரோகிராம்களைத்தான் மூடும். அடிமட்டத்துல இருக்கற விண்டோஸையும் டிரைவர்களையும் அப்படியே படம் பிடிச்சு டிஸ்க்ல வெச்சுட்டுத் தூங்கப் போயிடும். காலையில ஆன் பண்ணினா அந்தப் படத்தையே திரும்ப எடுத்து வெக்கும். சீக்கிரம் ஆன் ஆகுது, சரி. ஆனா நேத்து திருப்பித் தராத கடனும் சேர்ந்தே வந்து உக்காந்துக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் முழுசாத் துடைச்சுட்டு ஆரம்பிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கும் ரீஸ்டார்ட்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு, இத்தனை வருசத்துல யாரும் என்கிட்டச் சொன்னதில்லை. கடைக்காரப் பையன் ரேம் மாட்டினப்ப அது பறந்ததுக்குக் காரணம் ரேம் இல்லை, அவன் ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணினதுதான்.

இதுல இன்னொரு வேடிக்கை. ஏழு வருசமா இல்லாத நோய் போன வருசக் கடைசியில ஏன் வந்துச்சுன்னு யோசிச்சேன். போன ஐப்பசியில இன்வெர்ட்டர் வாங்கினோம். அதுக்கு முன்னால வாரத்துல ரெண்டு தடவையாவது, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போயிரும். அப்படி அடிச்சுப் போட்டா, படம் பிடிக்க நேரம் ஏது? மிஷின் முழுசாச் செத்து முழுசாப் பொழைக்கும். கரண்ட் கட்டுதான் இத்தனை நாளா எங்க கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்த்திருக்குது! இன்வெர்ட்டர் வந்தப்புறம் வைத்தியர் வர்றது நின்னு போச்சு.

ரீஸ்டார்ட் பண்ணினேன். நான்-பேஜ்டு பூல் 160 எம்பி. பிரவுசர், எக்செல் எல்லாம் திறந்தும் மொத்தம் நாலு ஜிபிக்குள்ளதான் வந்துச்சு. எட்டு ஜிபியே எனக்கு ஏராளம்னு அப்பத்தான் தெரிஞ்சது.

வாரம் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டா முடிஞ்சு போச்சு, இல்லையா? நிறையப் பேர் இங்கயே நிறுத்திடுவாங்க. நிறுத்தலாம், தப்பில்லை, கிடாரி தப்பிச்சிரும். ஆனா வங்கு எங்கன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. கிணத்து மட்டம் எழுதற நோட்டுலயே பின்பக்கம் ஒரு தாள் திருப்பி, தினமும் பொழுதோட அந்த எண்ணை எழுத ஆரம்பிச்சேன். மொதல் நாள் 540. ரெண்டாம் நாள் 900. மூணாம் நாள் எங்க ஊர் டவர்ல ஏதோ வேலைன்னு நெட்டே இல்லை. கம்ப்யூட்டர் நாள் முழுக்க ஓடுச்சு, நான் உக்காந்து கூலிக் கணக்குப் பார்த்தேன். சாயங்காலம் எண் 905. நாலாம் நாள் நெட் வந்துச்சு, கிடாரியோட வீடியோ ஒண்ணைப் பொண்ணுக்கு ஏத்தினேன். 1,390.

போன்ல எண்களைப் படிச்சுக் காட்டினேன். "அப்பா, நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க"ன்னா. வைஃபைக்குப் போட்டிருக்கற கார்டு மேல சந்தேகம். அஞ்சாம் நாள் அந்தக் கார்டை டிசேபிள் பண்ணிட்டு, போனைக் கேபிள்ல சொருகி அது வழியா நெட் எடுத்தேன். அதே மாதிரி ஒரு வீடியோ ஏத்தினேன். 1,395. காட்டுல புது உரம் போட்டா, ஒரு பாத்தி சும்மா விட்டு ஒப்பிட்டுப் பார்ப்போமே, அதுதான் இது. படிச்சவங்க இதுக்குப் பெரிய பேரா வெச்சிருப்பாங்க.

சனிக்கிழமை பொண்ணு வந்தா. லேப்டாப்ல பூல்மான்னு ஒரு சின்னப் புரோகிராம் கொண்டு வந்திருந்தா. டிரைவர் எழுதறவங்களுக்காக மைக்ரோசாஃப்ட் தர்ற மூட்டையில அதுவும் ஒண்ணு. கறுப்புத் திரையில வரிசையா நாலெழுத்துப் பேர்கள். ஒவ்வொரு டிரைவரும் இடம் வாங்கும்போது தன்னோட அடையாளமா ஒரு நாலெழுத்தைப் போட்டுட்டுத்தான் வாங்குமாம். பி அமுக்கினா எது அதிகமா வெச்சிருக்குதோ அது மேல வரும். அந்தத் திரையில எனக்குப் புரியாத சமாச்சாரம் ஒண்ணுமே இல்லைங்க. எத்தனை தடவை வாங்கினது, எத்தனை தடவை திருப்பினது, வித்தியாசம் எத்தனை. மளிகைக் கடைப் பற்று நோட்டு! மத்ததெல்லாம் வாங்கறதும் குடுக்கறதுமா ஏறி இறங்குது. ஒண்ணே ஒண்ணு மட்டும் வாங்கிக்கிட்டே இருக்குது. பாக்கி ஏறிக்கிட்டே போகுது.

டிரைவர் பைல்கள் இருக்கற போல்டருக்குப் போய், அந்த நாலெழுத்து எந்தப் பைல்ல இருக்குதுன்னு தேடச் சொன்னா. ஒரு பைல் பேர் வந்துச்சு. வைஃபை கார்டு வாங்கினப்ப கூடவே ஏத்தின, 'நெட் வேகத்தைக் கூட்டும்'னு சொன்ன ஒரு துணைப் புரோகிராமோட டிரைவர். கம்பெனி பேர் வேண்டாம். அந்தத் துணைப் புரோகிராமைத் தூக்கிட்டு, கார்டுக்கு மட்டும் வேண்டிய புது டிரைவரை அவங்க தளத்துல இருந்து எடுத்துப் போட்டா. ரீஸ்டார்ட். ஞாயித்துக்கிழமை முழுக்க நெட்டை ஓட விட்டோம். வெக்கிற எண் 170-ம் 190-ம் நடுவுலயே நின்னுச்சு. நெட் வேகமும் ஒரு துளி குறையலை.

மொத்தச் செலவு: பொண்ணோட பஸ் காசு.

எல்லா மிஷின்லயும் வங்கு இதே இடத்துல இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. மேலத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் கதை கேட்டுட்டு அவன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தான். அதுல நான்-பேஜ்டு பூல் ஒழுங்காத்தான் இருந்துச்சு, ஆனா நாலு ஜிபிக்குக் கணக்கு இல்லை. அதுக்கு ரேம்மேப்னு இன்னொரு புரோகிராம் போட்டுப் பார்த்தா பொண்ணு. மார்க் ரசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-ல ஆரம்பிச்ச சிஸ்இன்டர்னல்ஸ் தளத்துல இலவசமாக் கிடைக்குது. 2006-ல மைக்ரோசாஃப்ட் அவங்க கம்பெனியையே வாங்கிருச்சு. ரேம்மேப் திறந்த உடனே மொத்த ரேமையும் வகை வகையாப் பங்கு போட்டுக் காட்டும். அவனோடது 'டிரைவர் லாக்டு'ங்கற வரியில நின்னுச்சு. கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடற ஒரு சாஃப்ட்வேரை, போன் கேம் விளையாடறதுக்குப் போட்டுட்டு மூடாம விட்டிருக்கான். அது ஒழுகல் இல்லை, அவனே திறந்து விட்ட மடை. மூடினான், போயிட்டான்.

இது வெறும் வீட்டுக் கம்ப்யூட்டர் தொந்தரவுன்னும் நினைக்காதீங்க. பொண்ணு சொன்ன கதை ஒண்ணு. லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ்ல 1992 அக்டோபர் 26-ந் தேதி, வண்டி அனுப்பற வேலையைக் கம்ப்யூட்டர்கிட்டக் கொடுத்தாங்க. ஆரம்பத்துலயே பெரிய குளறுபடி. நவம்பர் 4-ந் தேதி விடியறதுக்கு முன்னால சுத்தமா நின்னே போச்சு. விசாரணையில தெரிஞ்சது என்னன்னா, ஒவ்வொரு வண்டி அனுப்பும்போதும் சர்வர்ல ஒரு துளி மெமரியை வாங்கிட்டுத் திருப்பாம விட்டிருக்குது புரோகிராம். மூணு வாரத்துல துளித்துளியா நிறைஞ்சு, மிஷின் நின்னுருச்சு. திரும்பக் காகிதமும் பேனாவும் எடுத்தாங்க. எங்க ஊட்டுல நின்னது பால் கணக்கு. அங்க நின்னது ஆம்புலன்ஸ்.

புதுசே வாங்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 4 ஜிபி மிஷின்ல இன்னிக்கு இருக்கற பிரவுசரை ஓட்டினா, கூட்டிப் பார்க்கும்போதே கணக்கு நேரா வரும், இடம் நிஜமாவே பத்தாது. அப்ப ரேம் போட்டுத்தான் ஆகணும், கடைக்காரர் சொன்னது சரிதான். என் சண்டையெல்லாம், கூட்டிப் பார்க்காம சொல்ற வைத்தியத்தோடதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஒரு பக்கம் கூட்டி, அடுத்த பக்கத்துல ரெண்டு எண் பார்க்கறதுக்கு அஞ்சு நிமிசம் ஆகாது. அந்த அஞ்சு நிமிசத்தைக் கடையில யாரும் செலவழிக்கறதில்லை, ஏன்னா நாம கேக்கறதில்லை. "சரி பண்ணிக் குடு"ன்னு பொட்டியை மேசை மேல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிடறோம். நகரத்துல இருக்கற உங்களுக்கு இதுல என்னைவிடப் பழக்கம் அதிகம், வசதியும் அதிகம். வசதி இருக்கறதாலயே நீங்க கேள்வி கேக்கறதில்லைன்னு எனக்கு ஒரு சந்தேகம். நான் கேட்டது கூட, விக்கறதுக்குக் கையில ஒரு கிடாரிதான் இருந்துச்சுங்கறதாலதான்.

டவுன் கடைக்குப் போய் அந்தப் பையன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவன் சங்கடப்படுவான்னு நினைச்சேன். நோட்டை வாங்கி, எண்களைப் போட்டோ எடுத்துக்கிட்டான். "இந்த அப் டைம் விசயம் எனக்கே தெரியாதுங்ணா"ன்னான். மாட்டின ரேமைத் திருப்பி எடுத்துக்கறியான்னு கேட்டேன், சிரிச்சான். அது உள்ளயேதான் இருக்குது, வைக்கப்போர் போடத்தான் ஆகும்.

வியாபாரி அடுத்த வாரம் வந்து 43,000-னு ஒரு ஆயிரம் ஏத்திக் கேட்டார். இல்லைங்கன்னுட்டேன். இப்ப மாசி. மஞ்சள் வெட்டி வேக வெச்சுக்கிட்டு இருக்கோம், கிடாரி சினை பிடிச்சிருக்குது, டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிட்டுப் போனார். நேத்துப் பொழுதோட எழுதின எண் 184. கிணத்து மட்டம் போன மாசத்தைவிட மூணு அடி கீழ, அதுதான் இப்பக் கவலை.